பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ், முண்டா: கைச்சதைக்கு இந்தப் பேரெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?

கரிசல்காளை:
வணக்கம் மக்களே. ஜிம்முல வாயைத் தொறந்தா பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ், டெல்ட்ஸ்தான் (டெல்ட்ஸ்னா டெல்டாய்டு, தோள்சதை). புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்குறேன், அவனுங்க கேக்குற கேள்வி நியாயமாத்தான் இருக்கு. பை-ன்னா ரெண்டு, ஆனா கையை மடக்குனா ஒரு கட்டிதான தெரியுது, ரெண்டு எங்க இருக்கு? அப்புறம் கடைசில வர்ற "செப்ஸ்"னா என்ன? இன்னொண்ணு, ஜிம்மு வர்றதுக்கு முன்னாடியும் நம்மாளுங்க தண்டால் எடுத்தாங்க, கர்லாக்கட்டை சுத்துனாங்க, அவங்க இந்தச் சதையை என்னன்னு சொன்னாங்க? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க, கூகுள் பண்ணி ஒட்டாதீங்க ப்ளீஸ்.

பிசியோ_வைகை:
நான் பிசியோதெரபிஸ்ட், உடம்பு பக்கத்தை நான் சொல்றேன். செப்ஸ்னா தலை. லத்தீன்ல தலைக்கு காபுட், கேப்டன், கேபிடல் எல்லாம் அந்த வேர்தான், சொல்லோட கடைசில வரும்போது "செப்ஸ்"னு திரிஞ்சிருது. பைசெப்ஸ்னா ரெட்டைத்தலை. கையை மடக்குனா தெரியுற கட்டி இருக்கே அது தலை இல்ல, அது வயிறு, நாங்க அப்படித்தான் சொல்லுவோம். தலைங்கிறது மேல தோள்ல அது ஆரம்பிக்கிற இடம். அங்க ரெண்டு தனித்தனி நாணா (தசையை எலும்போட கட்டுற நாரு) கிளம்புது, ஒண்ணு தோள்மூட்டுக் குழிக்கு சரியா மேல இருந்து கிளம்பி மூட்டுக்குள்ளயே நுழைஞ்சு எலும்புல ஒரு நீளப் பள்ளம் வழியா கீழ இறங்குது, இன்னொண்ணு தோள்பட்டை எலும்புல முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு முளைல இருந்து வருது. அந்த முளைக்கு பேரு கோரகாய்டு, கிரேக்கத்துல கோரக்ஸ்னா அண்டங்காக்கா, வளைஞ்ச அலகு மாதிரி இருக்குறதால அந்தப் பேரு. ரெண்டும் கீழ வந்து ஒண்ணா சேர்ந்து முன்கை எலும்புல ஒட்டுது. அதனால வெளிய பாத்தா ஒண்ணு, உள்ள தொடங்குறது ரெண்டு.

ட்ரைசெப்ஸ் பின்னாடி, அதுக்கு மூணு தலை. ஒண்ணு தோள்பட்டை எலும்புல, மத்த ரெண்டும் மேல்கை எலும்புல. கை தடியா தெரியணும்னு எல்லாரும் பைசெப்ஸையே போட்டு அடிக்கிறாங்க, உண்மைல மேல்கையோட பருமன்ல பெரிய பங்கு ட்ரைசெப்ஸோடது.

சொல்வேட்டை:
நல்லா சொன்னீங்க. மொழிப் பக்கம் கொஞ்சம் சேத்துக்குறேன். ரோமானியங்களுக்கு பைசெப்ஸ்ங்கிறது டாக்டர் வார்த்தையே இல்ல, சாதாரணப் பேச்சு வார்த்தை. வாசலைக் காக்குற ஜானஸ்னு ஒரு தெய்வம், முன்னாடி ஒரு முகம் பின்னாடி ஒரு முகம், அவரைப் பாட்டுல பைசெப்ஸ்னுதான் கூப்பிடுறாங்க (ஜனவரி மாசம் அவரு பேருதான்). ரெட்டைச் சிகரம் உள்ள பர்னாசஸ் மலையும் பைசெப்ஸ். பாதாள உலகத்தைக் காக்குற மூணு தலை நாய் செர்பெரஸ், அது ட்ரைசெப்ஸ். இந்த மாதிரி புழக்கத்துல இருந்த வார்த்தையத்தான் பின்னால உடம்பை அறுத்துப் பாத்தவங்க எடுத்து தசைக்கு வச்சாங்க.

இன்னொரு விஷயம், கடைசில இருக்குற "ஸ்" பன்மை கிடையாது, வார்த்தையோட ஒரு பகுதி. ஒரு கைக்கும் பைசெப்ஸ்தான், ரெண்டு கைக்கும் பைசெப்ஸ்தான். "லெஃப்ட் பைசெப்"னு சொல்றது "ஸ்"ஸைப் பன்மைன்னு நெனச்சு வெட்டுனது.

குமரி_டு_துபாய்:
இருதலைன்னதும் இருதலைமணியன் பாம்புதான் ஞாபகம் வருது. அது சரி, மசில்ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சு, அதையும் சொல்லுங்க.

சொல்வேட்டை:
மசில்னா குட்டி எலி. லத்தீன்ல மூஸ்னா எலி, மூஸ்குலுஸ்னா சின்ன எலி. கையை மடக்கி விரிச்சா தோலுக்கு அடில ஒண்ணு ஓடுது பாருங்க, அது எலி ஓடுற மாதிரி அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. கிரேக்கத்துலயும் மீஸ்னா எலி, தசைக்கும் அதே சொல்லு. ரஷ்யன்ல மிஷ்னா எலி, மிஷ்த்சான்னா தசை. ஆர்மீனியன்லயும் எலிக்கும் தசைக்கும் ஒரே வார்த்தை. நம்ம மூஷிக வாகனம் இருக்கே, அந்த மூஷிகமும் இதே குடும்பத்துச் சொல்லுதான், ஆனா சமஸ்கிருதத்துல தசைக்கு மாம்சம், பேசின்னு வேற சொல்லு போயிருச்சு.

லத்தீன்ல மேல்கைச் சதைக்கு இன்னொரு சொல்லும் இருந்துச்சு, லசெர்டுஸ். அதே உச்சரிப்புல பல்லிக்கும் பேரு.

குமரி_டு_துபாய்:
அட, இங்க துபாய்ல ஈரானி ஹோட்டல் மெனுல "மாஹிச்சே"ன்னு ஒரு ஐட்டம் இருக்கும், ஆட்டுக்கால் கறியை முழுசா வேக வச்சு சோத்துக்கு நடுவுல நட்டு வச்சுக் குடுப்பாங்க. கூட வேலை பாக்குற ஈரானிக்காரர்கிட்ட கேட்டேன், மாஹின்னா மீன், சே சேத்தா குட்டி, குட்டி மீன்னு அர்த்தம், ஆனா அதுதான் எங்க மொழில மசிலுக்கும் வார்த்தைன்னாரு. நான் மீன் கறி வரும்னு நெனச்சு ஆர்டர் பண்ற ஆளுங்களை நிறைய பாத்திருக்கேன்.

போபால்_தமிழன்:
இந்தியிலயும் அதேதான்! பாடிபில்டர் கையை மடக்குனா "பாஜூ கி மச்லியான்"னு சொல்லுவாங்க, கையில இருக்குற மீன்கள்னு அர்த்தம். ஜிம்மு பசங்க இப்ப "டோலே"ன்னு சொல்றாங்க, ஆனா பழைய ஆளுங்க வாய்ல மச்லிதான் வரும்.

தஞ்சை_தமிழாசிரியை:
மீனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கெண்டைக்கால்! முழங்காலுக்குக் கீழ பின்பக்கம் திரண்டு இருக்குற சதைக்கு நாம சொல்றது கெண்டைக்கால், கெண்டைச்சதை. கெண்டை ஆத்து மீன். நடுவுல பருத்து ரெண்டு முனையும் ஒடுங்கி இருக்கும், சதையும் அப்படியேதான் இருக்கு. பாரசீகத்துக்காரங்க எல்லாத் தசைக்கும் வச்ச பேரை நாம காலுக்கு மட்டும் வச்சிருக்கோம். அதே இடத்துக்கு ஆடுசதைன்னும் ஒரு பேரு, நடக்கும்போது ஆடுறதைப் பாத்து வச்சது. பேரு வச்சவங்க யாரும் அறுத்துப் பாக்கல, கண்ணால பாத்து வச்சாங்க.

கைக்கு வருவோம். புயம், புஜம்ங்கிறது வடசொல், புஜ்னா வளையுறதுங்கிற வேர்ல இருந்து வந்தது, அதாவது வளையுற உறுப்பு. வளைஞ்சு வளைஞ்சு போற பாம்புக்கு புயங்கம்னு பேரு, அதுவும் அதே வேர்தான். பிசியோ ஐயா கையை மடக்குற தசைக்கு ஃப்ளெக்சர்னு சொல்லுவாங்க, அதுக்கும் வளைக்கிறதுன்னுதானே அர்த்தம்?

தமிழ்ல பழைய சொல்லு தோள். இப்ப நாம தோள்னா கழுத்துக்குப் பக்கத்துல இருக்குற மேட்டை மட்டும் சொல்றோம், பழைய பாட்டுகள்ல தோள் மேல்கை முழுசையும் சேத்துச் சொல்றது, அதனாலதான் தோள்வளைன்னா மேல்கைல போடுற நகை. வீரனோட தோளை எதுக்கு ஒப்பிடுறாங்கன்னா கோட்டைக் கதவுக்குக் குறுக்க போடுற எழுமரத்துக்கு, பொண்ணோட தோளை மூங்கிலுக்கு.

பிசியோ_வைகை:
ஆமா டீச்சர், ஃப்ளெக்சர்னா வளைக்கிறது, மடக்குறது. எக்ஸ்டென்சர்னா நீட்டுறது.

கறிக்கடை_சின்னவர்:
எங்க தொழில்ல சதையைப் பிரிச்சுப் பேரு சொல்றது குறைவு, இடத்தை வச்சுதான் சொல்லுவோம். முன்னங்கால், சப்பை, நெஞ்சு, தொடை. சப்பைன்னா தோள்பட்டைல தட்டையா விசிறி மாதிரி ஒரு எலும்பு வரும்ல அதைச் சேந்த கறி. தோள்பட்டைன்னு நீங்க சொல்றதும் அதேதான், பட்டைன்னா தட்டையா இருக்குறது. ஆனா ஒரு சந்தேகம், நான் முன்னங்காலை தினமும் பிரிக்கிறேன், எலும்புக்கு முன்னாடி உருண்டையா ஒரு சதை, ரெண்டு முனையும் வெள்ளை நாரா முடியும், அதுதான் ஆட்டோட பைசெப்ஸ்னு நெனக்கிறேன், ஆனா மேல ஒரே ஒரு நாருதான் இருக்கு. ரெண்டு தலைன்னு சொல்றீங்களே எங்க அது?

பிசியோ_வைகை:
சின்னவர் அண்ணே, உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. ஆடு, மாடு, குதிரைக்கெல்லாம் அந்தத் தசைக்கு ஒரே தலைதான், தோள்மூட்டுக்கு மேல இருந்து வர்றது மட்டும். காக்கா மூக்குல இருந்து வர்ற ரெண்டாவது தலை அதுங்களுக்கு இல்ல. ஆனா கால்நடை மருத்துவத்துலயும் அதுக்கு பேரு பைசெப்ஸ்தான், மனுஷனுக்கு வச்ச பேரை அப்படியே தூக்கி வச்சுட்டாங்க. ஒத்தத் தலையோட ரெட்டைத்தலையன்னு பேரு. மனுஷங்கள்லயே சில பேருக்கு மூணாவதா ஒரு தலை கூடுதலா இருக்கும், ஆபரேஷன் பண்றப்போ தெரிய வரும், அவங்களுக்கும் அது பைசெப்ஸ்தான்.

கறிக்கடை_சின்னவர்:
நன்றிங்க. பிரிக்கும்போதெல்லாம் இனிமே அதைத்தான் தேடுவேன்.

வடமராட்சியான்:
வணக்கம், நான் யாழ்ப்பாணம். எங்கட பள்ளிக்கூடங்களில உயிரியல் தமிழிலதான் படிப்பிக்கிறவை, அதால இருதலைத்தசை, முத்தலைத்தசை எண்டுறது எங்களுக்கு சின்ன வயசிலயே பழகின சொல். முழங்கையை மடக்கேக்க இருதலைத்தசை சுருங்கும், முத்தலைத்தசை தளரும், நீட்டேக்க மறுவளமா. படம் கீறி குறிச்சுக் காட்டவேணும், அதுக்குப் புள்ளி இருக்கு.

இந்தச் சொல்லுகளுக்குப் பின்னால ஒரு பெரிய கதை இருக்கு. 1847 இல அமெரிக்காவில இருந்து சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எண்டு ஒரு மிஷன் டொக்டர் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில ஆஸ்பத்திரி நடத்தினவர், பிறகு மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில படிப்பிக்கத் தொடங்கிட்டார். பிணத்தை அறுத்துக் காட்டி, எலும்பு, நரம்பு, தசை எல்லாத்தையும் தமிழில சொல்லிக் குடுத்து டொக்டர்மாரை உருவாக்கினவர். மனுஷ அங்காதிபாதம் எண்டு அவர் 1872 இல வெளியிட்ட உடற்கூற்றுப் புத்தகம் இருக்கு, அங்காதிபாதம் எண்டா தலை தொடங்கி கால் வரைக்கும் எண்ட மாதிரி ஒரு சொல். கலைச்சொல் தொகுப்புகளும் போட்டவர். அந்தக் காலத்தில ஒரு பெடியன் இங்கிலீசு தெரியாமலே கையை வெட்டித் தைக்கப் பழகினான் எண்டதை நினைக்கேக்க எனக்கு இப்பவும் புல்லரிக்குது.

ஐடி_பார்க்_காளி:
எல்லாம் சரிதான், ஆனா இப்ப யாரு இருதலைத்தசைன்னு சொல்லப் போறா. ட்ரெய்னர்கிட்ட போய் "அண்ணே இன்னைக்கு முத்தலைத்தசை போடலாமா"ன்னு கேட்டா என்ன ஏதுன்னு முழிப்பாரு. பைசெப்ஸ்ங்கிறது சயின்ஸ் பேரு, உலகம் முழுக்க ஒண்ணு, அதை எதுக்கு மாத்தணும். தமிழ்ல போட்டா சின்னப்புள்ளத்தனமா இருக்கு, ரெட்டைத்தலைன்னு ஏதோ பேய்க்கதை மாதிரி.

சொல்வேட்டை:
காளி, ஜிம்முல பைசெப்ஸ்னு சொல்றதுல எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, நானும் அப்படித்தான் சொல்றேன். ஆனா "தமிழ்ல சொன்னா சின்னப்புள்ளத்தனம்"ங்கிறதை என்னால விட முடியாது. ரோம்காரன் காதுக்கு பைசெப்ஸ்னு கேட்டா ரெட்டைத்தலைன்னுதான் கேக்கும், வேற எதுவும் கேக்காது. மசில்னா குட்டி எலி. கோரகாய்டுன்னா காக்கா மாதிரி. டெல்டாய்டுன்னா முக்கோண எழுத்து மாதிரி. ரேடியஸ்னு ஒரு முன்கை எலும்பு இருக்கே, அதுக்கு வண்டிச்சக்கரத்து ஆரக்கால்னு அர்த்தம். இதெல்லாம் வீட்டுலயும் தெருவுலயும் பேசுன வார்த்தை, நமக்கு அந்த மொழி தெரியாததால மட்டும்தான் பெருசா ஏதோ ரகசியம் மாதிரி கேக்குது.

அப்புறம் "உலகம் முழுக்க ஒண்ணு"ங்கிறதும் தானா வந்ததில்ல. 1543ல வெசாலியஸ் தன்னோட பெரிய உடற்கூற்றுப் புத்தகத்தைப் போட்டப்போ நெறைய தசைக்கு தனிப்பேரே இல்ல, இந்த மூட்டை அசைக்கிற முதல் தசை, ரெண்டாம் தசைன்னு நம்பர் போட்டுத்தான் எழுதுனாரு. பேரு வைக்கிற வேலையை நல்லா பண்ணவங்கள்ல ஒருத்தர் பாரிஸ்ல அவருக்குப் பாடம் எடுத்த சில்வியஸ். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொருத்தர் ஒரு பேரு வச்சு, 1895ல சுவிட்சர்லாந்து பாசெல்ல உடற்கூற்று அறிஞருங்க உக்காந்து கணக்குப் பாத்தப்போ உடம்புப் பாகங்களுக்கு சுமார் 50,000 பேரு புழக்கத்துல இருந்துச்சு, அதை வெட்டி 5,000 சொச்சத்துக்குக் கொண்டு வந்தாங்க. 1998லயும் திரும்ப உக்காந்து திருத்துனாங்க. உக்காந்து வேலை செஞ்சதாலதான் அது ஒண்ணாச்சு, யாழ்ப்பாணத்துலயும் உக்காந்து வேலை செஞ்சதாலதான் பசங்க பரீட்சைல இருதலைத்தசைன்னு கூச்சமில்லாம எழுதுறாங்க.

ஐடி_பார்க்_காளி:
சரி ப்ரோ, அர்த்தம் தெரிஞ்சு சொல்றது வேற, தெரியாம சொல்றது வேறங்கிற பாயிண்ட் புரியுது. ஆனா ஜிம்முல பைசெப்ஸ்தான், அதுல மாத்தம் இல்ல.

திருச்சி_நர்ஸக்கா:
டெல்டாய்டு பத்தி ஒருத்தரும் விவரமா எழுதல, நாங்க தினமும் தொட்டுப் பாக்குற தசை அதுதான். கொரோனா ஊசி எல்லாருக்கும் அதுலதான் போட்டோம். கண்ணால பாத்து குத்தக்கூடாது, தோளோட உச்சி எலும்பைத் தடவிப் பாத்து அதுல இருந்து ரெண்டு மூணு விரல் கீழ, தசை நல்லா தடிச்சு இருக்குற நடு இடம். ரொம்ப மேல போட்டா மூட்டுல இறங்கிரும், ரொம்ப கீழ போனா அங்க ஒரு நரம்பு சுத்திப் போகுது. அந்தத் தசை மேல அகலமா, கீழ ஒரு முனையா முடியும், தலைகீழா வச்ச முக்கோணம். எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க அப்படித்தான் கையில கோடு போட்டுக் காட்டுனாங்க.

தஞ்சை_தமிழாசிரியை:
நாங்க டெல்டா மாவட்டத்துக்காரங்க, எங்களுக்கு இந்தப் பேரு தினசரிப் பேரு! கிரேக்க எழுத்து டெல்டா முக்கோணம், நைல் ஆறு கடல்ல சேர்ற இடத்து முக்கோண நிலத்துக்கு அந்த எழுத்தோட பேரை வச்சாங்க, அங்க இருந்து எல்லா ஆத்து முகத்துக்கும் ஆச்சு, காவிரிக்கும் வந்துச்சு. கல்லணைல பிரிஞ்சு பூம்புகார், கோடியக்கரைன்னு விரியுற நிலமும் நர்ஸக்கா ஊசி போடுற சதையும் ஒரே எழுத்தோட பேரைச் சுமக்குது. அந்த எழுத்தோட பேரே ஃபினீசியர்கிட்ட இருந்து கிரேக்கத்துக்குப் போனது, அவங்க மொழில தாலெத்னா கதவு.

திருச்சி_நர்ஸக்கா:
அருமை டீச்சர். இன்னொண்ணு கேக்கணும், ரத்தம் எடுக்க முழங்கை மடிப்புல நரம்பு பாப்போம்ல, அங்க பைசெப்ஸ் நாணுக்குப் பக்கத்துல தோலுக்கு அடில பட்டையா ஒரு சவ்வு கைக்குத் தட்டுப்படும். அதுக்கு ஏதாவது பேரு இருக்கா?

பிசியோ_வைகை:
இருக்கு, அதோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பைசெப்ஸ் கீழ வரும்போது நாணு ஒரு பக்கம் எலும்புக்குப் போகுது, அதுல இருந்து ஒரு சவ்வு பிரிஞ்சு உள்பக்கமா முன்கை மேல விரிஞ்சு படியுது. லசெர்டுஸ் ஃபைப்ரோசஸ்னு பேரு, சொல்வேட்டை மேல சொன்ன அந்தப் பல்லி வார்த்தைதான். நீங்க ஊசி போடுற ரத்தக்குழாய் இந்தச் சவ்வுக்கு மேல ஓடுது, கைக்குப் போற பெரிய தமனி சவ்வுக்குக் கீழ ஓடுது. ஐரோப்பாவுல ஒரு காலத்துல எந்த நோய்னாலும் ரத்தத்தை வெளிய விடுறதுதான் வைத்தியம், முடி வெட்டுறவங்களே கத்தியால கீறி விடுவாங்க. கத்தி கொஞ்சம் ஆழமா போனா தமனி அறுந்து ஆளு காலி. நடுவுல இந்தச் சவ்வு இருந்ததால நிறைய பேரு தப்பிச்சாங்க, அதனால பிரெஞ்சுக்காரங்க இதுக்கு "கடவுளே நன்றி" சவ்வுன்னு ஒரு பேரு வச்சாங்க.

திருச்சி_நர்ஸக்கா:
இனிமே ஒவ்வொரு தடவை ப்ளட் எடுக்கும்போதும் இது ஞாபகம் வரும். ஸ்டூடண்ட்ஸ்க்குச் சொல்லப் போறேன்.

பழைய_பயில்வான்:
தம்பி முதல்ல கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. நாங்க சொன்னது முண்டா. முண்டா தட்டுறதுன்னா சவாலுக்குக் கூப்பிடுறது, ஒரு கையை மடக்கி நெஞ்சோட வச்சு இன்னொரு கையால மேல்கைல பளார்னு தட்டணும், சத்தம் களம் முழுக்கக் கேக்கணும். முண்டாவை முறுக்குறது, முண்டா பனியன் எல்லாம் அதுல இருந்துதான், கை இல்லாத பனியன், போட்டா மேல்கை முழுசா வெளிய தெரியும். சின்னப்புள்ளைங்க ஆம்ஸ் காட்டுன்னு சொல்லும், அது இங்கிலீசு ஆர்ம்ஸ். முண்டான்னா எங்களுக்கு தோள்ல இருந்து முழங்கை வரைக்கும், முன்னாடி பின்னாடின்னு பிரிக்க மாட்டோம், ஏன்னா கர்லாக்கட்டை சுத்தும்போது எல்லாமே சேந்துதான் வேலை செய்யும். தோள், முதுகு, முண்டா, மணிக்கட்டு அத்தனையும். ஒரு சதையை மட்டும் தனியா எடுத்து வேலை குடுக்குறது மெஷின் வந்தப்புறம் வந்த பழக்கம்.

போபால்_தமிழன்:
இந்தியில தோளுக்கு மோண்டான்னு ஒரு சொல்லு உண்டு ஐயா, முண்டா அதோட சொந்தக்காரன்தான்.

ஐடி_பார்க்_காளி:
கர்லாங்கிறது இங்கிலீசு கர்ல்ல இருந்து வந்ததா? டம்பெல் கர்ல், கர்லா, ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கே.

பழைய_பயில்வான்:
இல்ல தம்பி. கர்ல்னா கையை மடக்கித் தூக்குறது. கர்லாக்கட்டைய மடக்க மாட்டாங்க, தலையச் சுத்தி முதுகுக்குப் பின்னாடி விட்டுச் சுத்துவாங்க. வெள்ளைக்கார பட்டாளம் இங்க வந்து பாத்துதான் கட்டை சுத்தக் கத்துக்கிட்டுப் போனாங்க, அவங்க ஊர்ல அதுக்கு பேரே இந்தியன் க்ளப்.

கரிசல்காளை:
ஐயா, இதுதான் நான் தேடுனது, ரொம்ப நன்றி. பிசியோ சார், முன்கை பாக்கி இருக்கு. ஃபோர்ஆர்ம்னு மொத்தமா சொல்லிட்டுப் போயிர்றோம்.

பிசியோ_வைகை:
முன்கைல தசை ரொம்ப ஜாஸ்தி, எல்லாத்தையும் எழுதுனா இழை தாங்காது. பேரைப் பாத்து பயப்பட வேண்டாம், பாதிப் பேரு முகவரி மாதிரி, என்ன செய்யும் எங்க இருக்குன்னு அப்படியே சொல்லிரும். ஃப்ளெக்சர் கார்பி அல்னாரிஸ்னா மணிக்கட்டை மடக்குற, அல்னா எலும்புப் பக்கத்துத் தசை. எக்ஸ்டென்சர் இண்டிசிஸ்னா ஆள்காட்டி விரலை நீட்டுறது. அவ்வளவுதான்.

இந்த அல்னாவைக் கொஞ்சம் பாருங்க. சுண்டுவிரல் பக்கம் ஓடுற எலும்பு. லத்தீன்ல அல்னான்னா முழங்கை, அதோட துணி அளக்குற ஒரு அளவுக்கும் அதே பேரு.

மல்லி_முழம்:
எங்க குடும்பமே பூ யாவாரம். முழங்கையை வச்சுத்தான் நாங்க முழம் போடுறது. முழங்கைல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் பூவை இழுத்து விட்டா ஒரு முழம். கை நீளமா இருக்குறவங்ககிட்ட வாங்கணும்னு ஜனங்க ஆள் பாத்து நிப்பாங்க. லத்தீன்காரங்களுக்கும் முழங்கையும் முழமும் ஒண்ணுதான்னு கேக்க சந்தோசமா இருக்கு.

பிசியோ_வைகை:
அதேதான்மா. இன்னும் ரெண்டு சொல்லிட்டு முடிக்கிறேன். சுபினேட்டர், ப்ரொனேட்டர். லத்தீன்ல சுபினுஸ்னா மல்லாக்க, ப்ரோனுஸ்னா குப்புற. தூங்குற ஆளுக்குச் சொல்ற வார்த்தை, அதையே கைக்கு வச்சாங்க. கையேந்துற மாதிரி உள்ளங்கை மேல பாத்தா மல்லாக்க, மேசைல கையைக் கவுத்தா குப்புற. மல்லாத்துற தசை, கவுத்துற தசைன்னு நான் பேஷண்ட்கிட்ட சொல்றேன், ஒருத்தரும் ரெண்டாம் தடவை என்னன்னு கேக்குறதில்ல.

இப்ப எல்லாரும் இதைச் செஞ்சு பாருங்க. வலது முழங்கையை மடக்கி மேசை விளிம்புல வைங்க, உள்ளங்கை கீழ பாக்கட்டும். இடது கையை பைசெப்ஸ் மேல லேசா வைங்க. இப்ப முழங்கையை அசைக்காம உள்ளங்கையை மட்டும் மேல திருப்புங்க. பைசெப்ஸ் குபுக்குன்னு எழும்பும். மடக்கவே இல்ல, திருப்புனதுக்கே எழும்புது. பைசெப்ஸ் மல்லாத்துற தசையும்கூட, லியொனார்டோ டா வின்சியே இதைக் கவனிச்சு வச்சிருக்காரு. திருகுப்புளி வச்சு ஸ்க்ரூ முடுக்குறப்போ வலது கைக்காரங்களுக்கு பலம் வர்றது இதுல இருந்துதான். அதனாலதான் ஹேமர் கர்ல்ல உள்ளங்கை பக்கவாட்டுல இருக்கும்போது பைசெப்ஸுக்கு வேலை கொஞ்சம் குறைஞ்சு அதுக்கு அடில இருக்குற ப்ரேக்கியாலிஸ், முன்கையோட ப்ரேக்கியோரேடியாலிஸ் ரெண்டும் முன்னாடி வருது. ப்ரேக்கியம்னா கை, ப்ரேஸ்லெட் எல்லாம் அந்த வேர். ரேடியஸ் ஆரக்கால்.

கரிசல்காளை:
செஞ்சு பாத்தேன், அப்படியே எழும்புது! இத்தனை வருசமா கர்ல் போடும்போது மேல வர்றப்போ கையை வெளிப்பக்கம் திருப்புன்னு சொல்லிக் குடுக்குறேன், காரணம் இதுதானா.

சொல்வேட்டை:
பால்மாரிஸ் லாங்கஸ் விட்டுட்டீங்களே சார், அதுல ஒரு நல்ல விளையாட்டு இருக்குமே.

பிசியோ_வைகை:
ஆமா. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுக்கிட்டு மணிக்கட்டை லேசா உள்பக்கமா மடக்குங்க. மணிக்கட்டு நடுவுல கயிறு மாதிரி ஒரு நாணு எழும்புனா உங்களுக்கு பால்மாரிஸ் இருக்கு. எழும்பலன்னா அந்தத் தசையே இல்ல, கிட்டத்தட்ட 15 சதவீதம் பேருக்கு ஒரு கைலயோ ரெண்டு கைலயோ இருக்காது. இல்லாட்டியும் பிடிமானத்துல வித்தியாசம் தெரியாது. அதனாலதான் வேற இடத்துல நாணு அறுந்து போனா டாக்டருங்க இதை உருவி அங்க வச்சுத் தைக்கிறாங்க.

மல்லி_முழம்:
எனக்கு வலது கைல இருக்கு, இடது கைல காணோம்! நாள் முழுக்க பூக் கட்டுற கை, இத்தனை நாள் தெரியவே இல்ல.

வடமராட்சியான்:
எனக்கு ரெண்டிலயும் இருக்கு. பால்மா எண்டால் உள்ளங்கை தானே?

சொல்வேட்டை:
ஆமா, பால்மான்னா உள்ளங்கை. விரலை விரிச்ச கை மாதிரி ஓலை இருக்குறதைப் பாத்து மரத்துக்கும் பால்மான்னு வச்சாங்க. போர்ச்சுகீசியர் அதை பல்மெய்ரான்னு சொன்னாங்க, அவங்க நம்ம பனைமரத்துக்குச் சொன்ன அந்தப் பேருதான் இங்கிலீசுல பால்மைரா ஆச்சு. உங்க யாழ்ப்பாணத்துப் பனையும் இந்த நாணும் ஒரே பேரு.

வடமராட்சியான்:
பனை ஓலையைக் கை எண்டு பாத்த கண்ணுக்கு ஒரு கும்பிடு.

கரிசல்காளை:
ஒரு முடிவு பண்ணிட்டேன். ஜிம்மு சுவர்ல இருக்குற மசில் சார்ட் முழுக்க இங்கிலீசு, அது கிழிஞ்சும் போச்சு. புதுசா ஒண்ணு அடிக்கப் போறேன், பைசெப்ஸ்னு தமிழ் எழுத்துல பெருசா, கீழ இருதலை தசை. ட்ரைசெப்ஸ், கீழ முத்தலை தசை. டெல்டாய்டு, கீழ முக்கோண தசை. முன்கைல மல்லாத்துற தசை, கவுத்துற தசை. பயில்வான் ஐயாவுக்காக மேல்கை முழுசுக்கும் ஒரு கோடு போட்டு முண்டா. ப்ரிண்டுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி யாராவது ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.

பிசியோ_வைகை:
ட்ரைசெப்ஸுக்கு அம்புக்குறி போடும்போது கை பின்பக்கம் தெரியுற படமா பாத்து எடுங்க, நிறைய சார்ட்டுல முன்பக்கப் படத்துல ஓரமா காட்டி வச்சிருப்பாங்க, மூணு தலையும் தெரியாது. டெல்டாய்டுக்கும் பக்கவாட்டுப் படம் ஒண்ணு வேணும்.

தஞ்சை_தமிழாசிரியை:
ஒற்று போடுங்க தம்பி. இருதலைத்தசை, முத்தலைத்தசை, முக்கோணத்தசை. மூணுலயும் "த்" வரும், ப்ரிண்டு ஆனப்புறம் மாத்த முடியாது.

கரிசல்காளை:
மூணுலயும் போட்டுட்டேன் டீச்சர். நாளைக்கு ப்ரிண்டுக்குப் போகுது.